மான்டே கசினோ: நான்கு முறை தரைமட்டமாகியும் எழுந்து நிற்கும் மலை மடத்தின் கதை என்ன?

‘கசினோ’ என்ற சொல்லைக் கேட்டதும் சூதாட்ட மேசையும் சுழலும் சக்கரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது வேற கசினோ. ரோம் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில் கசினோ என்று ஒரு ஊர் இருக்கிறது. அதன் தலைக்கு மேலே 500 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஒரு மலை. அந்த உச்சியில் கோட்டை மாதிரி வெள்ளையாக ஒரு பெரிய கட்டடம். அதுதான் மான்டே கசினோ துறவு மடம்.

மரபாகச் சொல்லப்படும் கணக்குப்படி மடம் தொடங்கிய ஆண்டு 529. அதாவது 2029-ல் அதற்கு 1,500 வயது நிறைவடைகிறது. ஆனால் இன்று அங்கே போய் நிற்பவர் பார்க்கும் சுவர்களில் பெரும்பகுதிக்கு எண்பது வயதுகூட ஆகவில்லை. லொம்பார்டுகள் ஒரு முறை, சாரசென்கள் ஒரு முறை, நிலநடுக்கம் ஒரு முறை, அமெரிக்க விமானங்கள் ஒரு முறை என்று நான்கு தடவை அந்த மடம் அழிந்திருக்கிறது. கடைசி அழிவில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. குண்டு போடச் சொல்லிக் கேட்டது, இந்திய ராணுவ டிவிஷன் ஒன்றின் தளபதி. ஏன் கேட்டார், அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பெனடிக்ட் யார்?

தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், சுமார் 480-ல் இத்தாலியின் நூர்சியா என்ற ஊரில் பிறந்தவர். ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி சரிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்த நேரம். படிக்க ரோமுக்கு அனுப்பப்பட்டவருக்கு அந்த நகர வாழ்க்கை பிடிக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சுபியாகோ என்ற இடத்தில் ஒரு குகையில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் அங்கே தனிமைத் தவம்.

பிறகு பக்கத்து மடம் ஒன்றின் துறவிகள் வந்து, எங்களுக்குத் தலைவராக இருங்கள் என்று அழைத்தார்கள். போனார். அவருடைய கண்டிப்பைத் தாங்க முடியாத அதே துறவிகள் திராட்சை ரசத்தில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள் என்பது மரபுக் கதை. அவர் சிலுவை அடையாளம் போட்டதும் கிண்ணம் உடைந்ததாம். இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் போப் முதலாம் கிரகோரி. பெனடிக்ட் இறந்து சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர் எழுதிய நூல்தான் நமக்குக் கிடைக்கும் முக்கிய ஆதாரம். அதில் வரலாறும் அற்புதக் கதையும் பின்னிக்கொண்டு கிடக்கும். பிரித்து எடுப்பது சுலபமில்லை.

மான்டே கசினோ மலை உச்சியில் அப்போது அப்பல்லோ தெய்வத்தின் கோயில் இருந்தது. சுற்றுவட்டார விவசாயிகள் அங்கே வழிபட்டுவந்தார்கள். பெனடிக்ட் சிலையை உடைத்து, அந்த இடத்தில் சிற்றாலயம் கட்டினார் என்று கிரகோரி எழுதுகிறார். பின்னாளில் இடிபட்ட கதைகளால் அறியப்படும் மடத்தின் தொடக்கமே இன்னொருவர் வழிபாட்டிடத்தை இடித்ததில் இருக்கிறது. இதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

துறவிகளுக்கு ஒரு ‘ஹெச்.ஆர். பாலிசி’

பெனடிக்ட் புகழ்பெறக் காரணம் அவர் எழுதிய ஒழுங்குநூல். முன்னுரையும் 73 அத்தியாயங்களும் கொண்ட சிறிய நூல்தான். ஐரோப்பா முழுவதும் துறவு மடங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதை அடுத்த பல நூற்றாண்டுகளுக்குத் தீர்மானித்தது அதுதான்.

இறையியல் நூல் போல இருக்கும் என்று நினைத்துப் புரட்டினால் ஏமாந்துபோவீர்கள். யார் எந்த வாரம் சமைப்பது, எத்தனை உடை தருவது, வெளியூர் போனவர் திரும்பி வந்தால் என்ன செய்வது, தாமதமாகச் சாப்பிட வருபவருக்கு என்ன தண்டனை என்று எல்லாம் இருக்கிறது. சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று மடாதிபதி அடிக்கடி படுக்கையைச் சோதிக்க வேண்டும். சமையல் வேலையில் எல்லாருக்கும் முறை வரும். புதிதாகச் சேர வருபவரை உடனே உள்ளே விடக் கூடாது. நான்கைந்து நாள் கதவைத் தட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மது விஷயத்தில் பெனடிக்ட் நடைமுறைவாதி. துறவிகள் குடிக்கவே கூடாதுதான், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்குச் சம்மதிக்க வைக்க முடியாது, அளவோடாவது குடிக்கட்டும் என்ற பொருளில் எழுதி, நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் என்று அளவும் நிர்ணயிக்கிறார். முக்கியமான முடிவு எடுக்கும்போது எல்லாத் துறவிகளையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்கிறார். அதற்குச் சொல்லும் காரணம் நம் ஆபீஸ் மீட்டிங்குகளில் கேட்க முடியாதது: நல்ல யோசனையைக் கடவுள் பல நேரம் வயதில் சின்னவருக்குத்தான் காட்டுகிறார். ஆனால் இறுதி முடிவு மடாதிபதியுடையது; அதில் ஜனநாயகம் கிடையாது.

ஒரு நாளில் எட்டு வேளை பொது ஜெபம், சில மணி நேரம் கை வேலை, சில மணி நேரம் வாசிப்பு. இந்த மூன்றாவது விஷயம்தான் பின்னால் பெரிய விளைவை உண்டாக்கியது. வாசிக்க வேண்டும் என்றால் புத்தகம் வேண்டும். புத்தகம் வேண்டும் என்றால் யாராவது உட்கார்ந்து நகல் எடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்குநூலைப் பின்பற்றும் இடம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. கரூர் மாவட்டம் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950-ல் தொடங்கப்பட்ட சாந்திவனம் ஆசிரமம் பெனடிக்ட் மரபைச் சேர்ந்ததுதான்.

முதல் இரண்டு அழிவுகள்

பெனடிக்ட் சுமார் 547-ல் இறந்தார். சகோதரி ஸ்கொலாஸ்திகாவின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அவர் இறந்து ஒரு தலைமுறை கடப்பதற்குள், 570-களிலோ 580-களிலோ, வடக்கிலிருந்து இறங்கிய லொம்பார்டுகள் மடத்தைச் சூறையாடினார்கள். துறவிகள் உயிர் தப்பி ரோமுக்கு ஓடினார்கள். ஓடும்போது கையில் எடுத்துச் சென்றது பெனடிக்ட்டே எழுதியதாகக் கருதப்பட்ட ஒழுங்குநூல் பிரதியை.

அதன் பிறகு மலை வெறிச்சோடிக் கிடந்தது, ஓரிரு வருடம் இல்லை, சுமார் 140 வருடம்! சுமார் 718-ல் பிரேஷியா ஊரைச் சேர்ந்த பெட்ரோனாக்ஸ் என்பவர் போப் இரண்டாம் கிரகோரியின் ஊக்கத்தில் அங்கே வந்து மடத்தை மறுபடி எழுப்பினார். இந்த இடைவெளியில் பெனடிக்ட்டின் எலும்புகளை நாங்கள் எடுத்து வந்துவிட்டோம் என்று பிரான்சின் ஃப்ளெரி மடம் சொல்கிறது. இல்லை, எங்களிடம்தான் இருக்கிறது என்கிறது மான்டே கசினோ. வழக்கு ஆயிரத்து சொச்சம் ஆண்டுகளாக நடக்கிறது.

8-ம் நூற்றாண்டில் மடத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. லொம்பார்டு மன்னர் ராக்கிஸ் பதவி இழந்ததும் இங்கே வந்து துறவியானார். முன்பு மடத்தை எரித்தவர்களின் அரசர் அதே மடத்தில் துறவி! லொம்பார்டுகளின் வரலாற்றை எழுதிய பவுல் தியாக்கோன் இந்த மடத்துத் துறவிதான். 787-ல் பேரரசர் சார்லமேன் நேரிலேயே வந்துபோனார். ஒழுங்குநூலின் சரியான நகல் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கியது, பிற்பாடு பெரிய உதவியாகப் போனது.

எப்படி? 883-ல் இரண்டாவது அழிவு வந்தது. தென் இத்தாலியில் தளம் அமைத்திருந்த சாரசென் படையினர் மடத்தை எரித்தார்கள். மடாதிபதி பெர்த்தாரியுஸ் கொல்லப்பட்டார். தப்பியவர்கள் தியானோ என்ற ஊருக்குப் போனார்கள், ஒழுங்குநூலோடுதான். 896-ல் அங்கே நடந்த தீ விபத்தில் அது சாம்பலானது. ஆனால் சார்லமேனுக்காக எடுத்த நகலிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பிரதி இன்றும் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பேக்-அப் எடுத்து வேறு இடத்தில் வைக்கச் சொல்லி ஐ.டி. டீம் ஏன் நச்சரிக்கிறது என்று இப்போது புரியும்.

துறவிகள் மலைக்குத் திரும்ப 10-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

ஒரு நில வழக்கும் இத்தாலிய மொழியும்

திரும்பி வந்தவர்களுக்குக் காத்திருந்தது நிலத் தகராறு. மடம் காலியாக இருந்த காலத்தில் சுற்றியிருந்த நிலங்களை ஆளுக்கு ஆள் வளைத்துப் போட்டிருந்தார்கள். (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?) 960 மார்ச் மாதம் காப்புவா நகரில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒரு பக்கம் ரோதல்கிரிமோ என்ற நிலக்கிழார், இன்னொரு பக்கம் மான்டே கசினோ மடம். முப்பது ஆண்டுகள் மடத்தின் அனுபவத்தில் இருந்தது என்று சாட்சி சொன்னால் மடத்துக்கே நிலம். நம்மூர் அனுபவ பாத்தியதை மாதிரிதான்.

நீதிமன்ற ஆவணம் முழுக்க லத்தீனில் இருக்கிறது. ஆனால் சாட்சிகள் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும், அவர்கள் பேசிய மொழியிலேயே எழுத்தர் பதிவு செய்தார். லத்தீன் தெரியாத பொதுமக்களுக்கும் சாட்சியம் என்னவென்று புரிய வேண்டும் என்பதற்காக இருக்கலாம். அந்த ஒற்றை வாக்கியம்தான் இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட, தேதி குறிப்பிட்ட மிகப் பழைய ஆவணச் சான்றாக இன்று கருதப்படுகிறது. தாந்தேயின் மொழிக்கு முதல் சாட்சி, காதல் கவிதையோ காவியமோ அல்ல; ஒரு நில வழக்கின் வாக்குமூலம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நிலம் வந்தது என்றால் அதிகாரமும் வந்தது என்று அர்த்தம். ‘புனித பெனடிக்ட்டின் நிலம்’ என்றே அழைக்கப்பட்ட பெரிய பரப்பு மடத்தின் கையில் இருந்தது. கோட்டைகள், கிராமங்கள், வரி எல்லாம் உண்டு. எளிமையை வலியுறுத்திய ஒழுங்குநூல் ஒரு பக்கம், ஜமீன்தார் வாழ்க்கை இன்னொரு பக்கம். இந்த முரண்பாட்டை அன்றே விமர்சித்தவர்கள் இருந்தார்கள். தாந்தே தன் காவியத்தில் பெனடிக்ட்டையே பேச வைத்து, தன் மடங்களின் நிலையை எண்ணி அவர் வருந்துவதாக எழுதினார்.

பொற்காலம்: எரித்தவர்களின் மொழியிலிருந்து மருத்துவம்

1058 முதல் 1087 வரை மடாதிபதியாக இருந்த தெசிதேரியுஸ் காலத்தில் சுமார் 200 துறவிகள் அங்கே வாழ்ந்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கலைஞர்களை வரவழைத்து, வெண்கலக் கதவுகளையும் அங்கேயே செய்யச் சொல்லி, புதிய பேராலயத்தை அவர் கட்டினார். 1071-ல் போப் இரண்டாம் அலெக்சாண்டர் வந்து அதை அர்ச்சித்தார். தெசிதேரியுஸ் கடைசியில் தானே மூன்றாம் விக்டர் என்ற பெயரில் போப் ஆனார். ஆசைப்பட்டு ஆனவர் இல்லை, விரைவில் இறந்தும்போனார்.

அவர் காலத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்த மடத்தில் துறவியானவர் கான்ஸ்டன்டைன் ஆப்பிரிக்கானுஸ். அரபு மருத்துவ நூல்களை அவர் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவக் கல்வி பல நூற்றாண்டுகள் அந்த நூல்களை வைத்துத்தான் நடந்தது. அரபு பேசிய படையினர் எரித்த மடத்தில், இருநூறு ஆண்டுகள் கழித்து அரபு அறிவை ஐரோப்பாவுக்குத் திறந்துவிடும் வேலை நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

நகல் எடுக்கும் கூடமும் அப்போது உச்சத்தில் இருந்தது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீரோ மன்னரைப் பற்றியும், ரோம் தீப்பிடித்ததைப் பற்றியும் நாம் விரிவாக அறிந்திருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பகுதிகள் நமக்குக் கிடைத்தது 11-ம் நூற்றாண்டில் மான்டே கசினோவில் எழுதப்பட்ட ஒரே ஒரு பிரதி வழியாகத்தான். அந்த ஒன்று கரையான் அரித்துப் போயிருந்தால், அவ்வளவுதான். ரோமின் கால்வாய் நீர் விநியோகம் பற்றி ஃபிரான்டினுஸ் எழுதிய நூலும் இந்த மடம் காப்பாற்றித் தந்ததே.

ஆனாலும் காப்பாற்றியவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு பாராட்டிவிட முடியாது. 14-ம் நூற்றாண்டில் எழுத்தாளர் பொக்காச்சியோ இந்த நூலகத்துக்குப் போனபோது, கதவுகூட இல்லாமல், ஜன்னலில் புல் முளைத்துக் கிடந்ததாம். துறவிகள் காசுக்காக ஏடுகளின் தோலைச் சுரண்டி ஜெபப் புத்தகம் செய்து சிறுவர்களுக்கு விற்றார்கள் என்று கேட்டு அவர் அழுதுகொண்டே இறங்கி வந்தார் என்று அவருடைய மாணவர் எழுதிவைத்திருக்கிறார். டாசிட்டஸ் பிரதி இன்று மான்டே கசினோவில் இல்லை; ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. எப்படிப் போனது என்று யாரும் ரசீது வைத்திருக்கவில்லை.

1349 செப்டம்பர் 9 அன்று நிலநடுக்கம் தெசிதேரியுஸ் கட்டிய பேராலயத்தைத் தரையில் சாய்த்தது. மூன்றாவது அழிவு. மீண்டும் கட்டினார்கள். பரோக் காலத்தில் பளிங்கும் ஓவியமுமாக இழைத்தார்கள். 1799-ல் பிரெஞ்சுப் படை கொள்ளையடித்தது. 1866-ல் புதிய இத்தாலிய அரசு துறவு மடங்களைக் கலைக்கும் சட்டம் கொண்டுவந்தபோது மடம் தேசியச் சின்னமானது. துறவிகள் அதன் காப்பாளர்கள் என்ற பெயரில் அங்கேயே தொடர்ந்தார்கள்.

1943: லாரியில் ஏறிய நூலகம்

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் தெற்கிலிருந்து ரோமை நோக்கி முன்னேறின. ஜெர்மனி அவர்களைத் தடுக்க இத்தாலியின் குறுக்கே ‘குஸ்தாவ் கோடு’ என்ற அரண்வரிசையை அமைத்தது. ரோமுக்குப் போகும் முக்கியச் சாலை மான்டே கசினோ மலையடியில்தான் போகிறது. மலை யார் கையிலோ சாலை அவர்கள் கையில்.

1943 அக்டோபரில் ஹெர்மன் கோரிங் டிவிஷனைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகள் மடத்துக்கு வந்தார்கள். ஒருவர் லெப்டினன்ட் கர்னல் ஜூலியஸ் ஷ்லேகல், இன்னொருவர் ராணுவ மருத்துவர் மாக்சிமிலியன் பெக்கர். போர் இங்கே வரப்போகிறது, பொக்கிஷங்களை வெளியே எடுத்துவிடுங்கள் என்றார்கள். எண்பதை நெருங்கிய மடாதிபதி கிரகோரியோ தியாமரே முதலில் நம்பவில்லை. நாஜி ராணுவத்திடம் நூலகத்தைக் கொடுப்பதா? ஆனால் வேறு வழியும் இல்லை. பல்லாயிரக்கணக்கான புத்தகங்கள், ஆவணங்கள், ஓவியங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ராணுவ லாரிகளில் போயின. கவிஞர்கள் கீட்ஸ், ஷெல்லி தொடர்பான நினைவுப் பொருட்கள் சில பாதுகாப்புக்காக ரோமிலிருந்து இந்த மடத்துக்கு வந்திருந்தன. அவையும் அதே லாரிகளில் திரும்பின.

மடத்தின் சொத்தில் பெரும்பகுதி கடைசியில் ரோமில் ஒப்படைக்கப்பட்டது. எல்லாமும் அல்ல. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் கலைப்பொருட்களும் அந்த மலையில் பத்திரப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றில் சில பெட்டிகள் வழிமாறி பெர்லின் பக்கம் கோரிங்குக்கே போய்ச் சேர்ந்தன. போர் முடிந்த பிறகு ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்தில் கண்டெடுக்கப்பட்டன. நல்ல மனிதர்களா, கொள்ளைக்காரர்களா என்றால், ஒரே டிவிஷனில் இரண்டு பேரும் இருந்தார்கள் என்பதுதான் பதில்.

குண்டு போடச் சொன்னது ஏன்?

1944 ஜனவரியில் அமெரிக்கப் படை நடத்திய முதல் தாக்குதல் பெரும் இழப்போடு முடிந்தது. களைத்துப்போன அவர்கள் இடத்துக்கு வந்தது, நான்காவது இந்திய டிவிஷன். வட ஆப்பிரிக்கப் போரில் பெயர் எடுத்த படை. ராஜ்புதானா ரைஃபிள்ஸ், கூர்க்கா, பிரிட்டிஷ் பட்டாலியன்கள் சேர்ந்தது. அதன் தளபதி பிரான்சிஸ் டக்கர்.

மடத்தின் கட்டுமானம் பற்றி மேலிடத்தில் கேட்டால் தகவல் இல்லை. டக்கர் நேப்பிள்ஸில் புத்தகக் கடையில் தேடி 1879-ல் வெளிவந்த ஒரு நூலைக் கண்டுபிடித்தார். சுவர்களின் அடிப்பகுதி பத்தடி கனம் என்று அதில் இருந்தது. காலாட்படை கையில் வைத்திருக்கும் எந்த ஆயுதமும் அதைத் துளைக்காது. ஜெர்மானியர்கள் இப்போது உள்ளே இருக்கிறார்களோ இல்லையோ, சண்டை நெருங்கினால் உள்ளே போவார்கள். ஆகவே என் ஆட்களை மலையேறச் சொல்வதற்கு முன்னால் வானிலிருந்து கனத்த குண்டுகளால் உடையுங்கள் என்பது அவர் வாதம். நியூசிலாந்தின் ஜெனரல் ஃப்ரேபர்க் கோரிக்கையை மேலே அனுப்பினார். அமெரிக்கத் தளபதி மார்க் கிளார்க்குக்கு விருப்பமில்லை. ஜெனரல் அலெக்சாண்டர் அனுமதித்தார்.

இங்கே டக்கரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மேலே ஜன்னல்கள் வரிசையாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கீழே உங்களை நம்பி ஆயிரக்கணக்கான ஆட்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று சத்தியம் செய்ய யாரும் தயாராக இல்லை.

1944 பிப்ரவரி 14 அன்று எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரங்கள் வீசப்பட்டன. மறுநாள் காலை 142 பி-17 விமானங்கள் வந்தன. பின்னாலேயே நடுத்தர ரக விமானங்கள். மாலைக்குள் மடம் இடிபாடாகிவிட்டது. உள்ளே ஜெர்மன் வீரர்கள் இல்லை. இருந்தவர்கள் மடாதிபதியும் சில துறவிகளும், போருக்குப் பயந்து அடைக்கலம் புகுந்த ஊர் மக்களும்தான். இறந்த பொதுமக்கள் சுமார் 230 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிப்ரவரி 17 அதிகாலையில் மரச் சிலுவை ஒன்றை ஏந்திக்கொண்டு மடாதிபதி, எஞ்சியவர்களோடு மலையிறங்கினார்.

ராணுவ ரீதியாகவும் இது சொதப்பல். குண்டுவீச்சு முடிந்த உடனே தாக்க வேண்டும் என்பதுதான் டக்கரின் திட்டம். அவரோ நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில். வானிலையைப் பார்த்து விமானப்படை தேதியை முன்னால் தள்ளிவிட்டது. மலையில் இருந்த இந்திய டிவிஷன் வீரர்கள் தயாராகவே இல்லை. சில குண்டுகள் அவர்கள் நிலைகளின் மீதே விழுந்தன. அன்றிரவு தாக்கப் போனது ஒரே ஒரு கம்பெனி. அதிலும் பாதிப் பேர் திரும்பவில்லை அல்லது காயத்தோடு திரும்பினார்கள். அதுவரை வெளியே இருந்த ஜெர்மன் பாராசூட் படை, இடிபாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முழுக் கட்டடத்தைவிட இடிந்த சுவர் பதுங்க வசதி. எதற்குப் பயந்து குண்டு போட்டார்களோ அது குண்டு போட்டதால் நடந்தது.

எதிர்த் தரப்பில் அந்தப் பகுதியைக் காத்த ஜெர்மன் தளபதி ஃபான் செங்கர், பெனடிக்ட் சபையின் பொதுநிலை உறுப்பினர் என்பது இன்னொரு விசித்திரம். மடத்தில் ஜெர்மானியர் இல்லை என்பதை அமெரிக்க ராணுவம் தன் அதிகாரபூர்வ வரலாற்றில் தெளிவாகத் திருத்திக்கொள்ள 1969 ஆனது.

மலையில் நம் ‘தம்பி’கள்

நான்காவது இந்திய டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மெட்ராஸ் சேப்பர்ஸ் கம்பெனியும் ஒன்று. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் தென்னிந்தியர்கள் நிறைந்த படை. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் ‘தம்பி’. குளிர்காலச் சேற்றில், பீரங்கி பார்வைக்குள், கோவேறு கழுதைப் பாதையை டாங்க் போகும் சாலையாக அகலப்படுத்தும் வேலை இந்த டிவிஷனின் பொறியாளர்களுக்கும் நியூசிலாந்துப் பொறியாளர்களுக்கும் வந்தது. ‘கேவண்டிஷ் ரோடு’ என்று பெயர். மார்ச் 19 அன்று அந்தச் சாலை வழியாக டாங்குகள் மேலே போயின. பக்கத் துணைக்குக் காலாட்படை இல்லாததால் அந்தத் தாக்குதல் தோற்றது.

அதே மாதம் கூர்க்கா பட்டாலியன் ஒன்று மடத்துக்குச் சற்றுக் கீழே, ‘ஹேங்மேன்ஸ் ஹில்’ என்று வீரர்கள் பெயர் வைத்த பாறை முகட்டைப் பிடித்தது. உச்சிக்கு இன்னும் சில நூறு மீட்டர்தான். பக்கவாட்டில் உதவி வர முடியவில்லை. விமானத்திலிருந்து போட்ட உணவை நம்பி ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்கள், கடைசியில் இரவோடு இரவாகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

நான்காவது போர் மே 11 இரவு தொடங்கியது. எட்டாவது இந்திய டிவிஷனின் 19 வயது சிப்பாய் கமல் ராம், மலையடியில் காரி ஆற்றைக் கடந்து காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்றார். மே 18 காலை போலந்துப் படை மடத்தின் இடிபாட்டில் கொடி ஏற்றியது. நாடே இல்லாமல் போயிருந்த போலந்து வீரர்கள் அவர்கள். வோய்டெக் என்ற கரடியையும் படையில் சேர்த்து வைத்திருந்தார்கள். குண்டுப் பெட்டி சுமந்த கரடி என்று பின்னாளில் அதற்குச் சிலையே வந்தது. நான்கு மாதப் போரில் நேச நாட்டுத் தரப்பில் மட்டும் இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் 55,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது.

பிறகு என்ன ஆச்சு?

இடிபாட்டை அப்படியே நினைவுச் சின்னமாக விடலாமா என்ற கேள்விக்குத் துறவிகள் இடம் கொடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே என்பதுதான் அவர்கள் கொள்கை. இத்தாலிய அரசின் பணத்தில், பழைய வரைபடங்களை வைத்து வேலை தொடங்கியது. பெனடிக்ட்–ஸ்கொலாஸ்திகா கல்லறை குண்டுக்குத் தப்பியிருந்தது. லூக்கா ஜோர்தானோ 17-ம் நூற்றாண்டில் வரைந்த சுவரோவியங்கள் தப்பவில்லை. பழையதைப் போலி செய்யாமல், பின்னாளில் அன்னிகோனி என்ற ஓவியர் அங்கே புதிதாக வரைந்தார். 1964 அக்டோபர் 24 அன்று போப் ஆறாம் பவுல் வந்து பேராலயத்தை அர்ச்சித்தார். பெனடிக்ட்டை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்ததும் அப்போதுதான்.

குண்டுபோட்ட விமானம் ஒன்றில் இருந்த அமெரிக்க வீரர் வால்டர் மில்லர், பிற்பாடு எழுத்தாளரானார். அணு ஆயுதப் போருக்குப் பிறகு, எஞ்சிய புத்தகங்களைக் காப்பாற்றும் ஒரு துறவு மடத்தைப் பற்றி அவர் எழுதிய ‘எ கேன்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்’ அறிவியல் புனைகதையில் கிளாசிக் ஆகிவிட்டது.

மடத்தின் பழைய அதிகாரம் இப்போது இல்லை. சுற்றுவட்டாரப் பங்குகளை ஆயர் போல நிர்வகிக்கும் உரிமை மடாதிபதிக்கு நூற்றாண்டுகளாக இருந்தது. 2014-ல் போப் பிரான்சிஸ் அந்தப் பங்குகளைப் பக்கத்து மறைமாவட்டத்தோடு இணைத்துவிட்டார். துறவிகள் எண்ணிக்கையும் தெசிதேரியுஸ் காலத்தின் ஒரு சிறு பகுதிதான்.

போக நினைப்பவர்களுக்கு: ரோமிலிருந்து கசினோவுக்கு ரயில் உண்டு, அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் மலைப்பாதை. மேலே போலந்து வீரர்களின் கல்லறைத் தோட்டம் மடத்தின் வாசலிலிருந்தே தெரியும். கீழே, ஊர் எல்லையில் காமன்வெல்த் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 4,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். இந்திய வீரர்களின் கல்லறைகளையும் அங்கே பார்க்கலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பச்சைப் பளிங்குப் பலகைகளில் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 960-ம் ஆண்டின் அந்த நில வழக்கு ஆவணம், லாரி ஏறிப் போய்த் திரும்பிய காப்பகத்தில் மலை மேலேயே இருக்கிறது.